புல்மோட்டை வீதி: மோட்டார் சைக்கிளில் போகலாமா?

கேள்வி:
அடுத்த கிழமை திருகோணமலை டவுனில இருந்து புல்மோட்டைக்கு மோட்டார் சைக்கிளில் போக யோசிக்கிறேன். மனைவியும் வருகிறா. ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தானே? மத்தியானம் வெளிக்கிட்டால் போதுமா?

பதில் 1:
மத்தியானம் வேண்டாம் தம்பி. நான் இந்த வீதியில் மீன் பெட்டி கட்டி ஓடினவன். கச்சான் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, வீசுகிற நேரம் தார் ரோட்டுச் சூடு செருப்புக்குள்ளே ஏறும். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கோ. உப்புவெளி, நிலாவெளி தாண்டும்வரை ஹோட்டல் போர்டுகள்தான், நிற்கத் தேவையில்லை. இறக்கக்கண்டிப் பாலத்தில் நில்லுங்கோ. களப்பு கடலோடு சேருகிற இடம். ஒரு பக்கம் தண்ணி அசையாது, மறுபக்கம் அலை. வீச்சு வலைக்காரர் வலை ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பினம், பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவினம்! அப்புறம் கும்புறுப்பிட்டி, குச்சவெளி. பெற்றோலை டவுனிலேயே நிரப்புங்கோ.

பதில் 2:
திரியாய்ச் சந்தியில் உள்ளே திரும்பினால் மலையில் பழைய பௌத்த வட்டதாகே, அதாவது தாதுகோபத்தைச் சுற்றிக் கட்டின வட்டக் கட்டடம், இருக்கு. கல்படி ஏற வேணும், அக்காவுக்குத் தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணை, ஆறு மணி. இரவு திரும்பலாமா?

பதில் 1:
இருட்ட முதல் வந்திடுங்கோ. மாடுகள் சூட்டுக்குத் தாரிலேயே படுக்கும். கறுத்த மாடு லைற்றுக்குத் தெரியாது. என்ர முன் மட்காட் அப்படித்தான் போனது.