மருத்துவ உளவியல் முதுகலை முடித்தும் ஆர்சிஐ பதிவுக்கு வழியில்லை: உதவி தேவை

வணக்கம். நான் மேலூரைச் சேர்ந்தவள். மதுரையில் உள்ள ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. மருத்துவ உளவியலை 2024 மே மாதம் 68 விழுக்காட்டுடன் முடித்தேன். அந்தப் படிப்புக்கு, மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இல்லை என்பதை அதன் பிறகே அறிந்தேன். சேரும்போது கேட்காதது என் பிழை. சொல்லாதது அவர்கள் பிழை.

ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் விண்ணப்பித்தபோது, அலுவலர் படிவத்தில் காலியாக இருந்த ‘பதிவு எண்’ கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளராக ஆர்சிஐ அங்கீகரித்த மருத்துவ உளவியல் தகுதியையோ, உளவியல் முதுகலையுடன், மேற்பார்வையின் கீழ் நோயாளிகளிடம் பயிற்சி பெறும் இரண்டாண்டு முழுநேர எம்.பில். படிப்பையோ கோருகிறது, நான் மருத்துவமனையில் பயின்றதோ வெறும் நான்கு வாரங்கள்.

கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றும், கவுன்சிலுக்கு இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பியும் பதில் இல்லை. எம்.பில். நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் காத்திருப்போர் பட்டியலோடு நின்றுவிட்டேன். பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் படிப்பின் சேர்க்கைக்கு அளித்த நீட்டிப்பும் 2025-26 கல்வியாண்டு வரைதான். ஆர்சிஐ அங்கீகரித்த எம்.ஏ. மருத்துவ உளவியலில் சேர்வதென்றால், முதுகலையை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டும். வீட்டுச் சூழலில் அதற்கான கட்டணத்தை இன்னொரு முறை கேட்பது கடினம்.

என்னைப் போன்று அங்கீகாரமற்ற முதுகலையுடன் வெளிவந்து, பின்னர் ஆர்சிஐ பதிவு பெற்றவர்கள் எந்தப் படிப்பின் வழியாக அதைப் பெற்றீர்கள்?