நாலாம் குறுக்குத் தெருக் கடைக்கு சேர்வர்: விண்டோஸா, லினக்ஸா?

கணக்குப்பிள்ளை_11 | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு 11, நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். செத்தல் மிளகாய், மல்லி, பருப்பு, வெங்காயம். படித்தது கணக்கியல். கொம்பியூட்டரில் கொஞ்சம் கை வைப்பேன் என்பதால் சேர்வரும் என் பொறுப்பில் வந்துவிட்டது.

இருப்பது ஒரே ஒரு சேர்வர், விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. மாடியில், சாக்கு அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிளகாய்த் தூசி உள்ளே போவதால் மாதம் ஒருமுறை திறந்து ஊதித் துடைக்கிறேன். அதில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, கணக்கும் ஸ்டொக்கும் பார்க்கும் மென்பொருள். கொழும்பிலேயே ஒருவர் எழுதித் தந்தது, எஸ்க்யூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவச டேட்டாபேஸில் ஓடுகிறது. மற்றது, பில், கடிதம், சுங்கப் பத்திரம் எல்லாம் கிடக்கும் பொது ஃபோல்டர். மொத்தம் 22 மெஷின். அதில் கணக்கு மென்பொருளைத் திறப்பவை ஏழு மட்டும். ஆட்கள் 31 பேர், மாறி மாறி உட்காருவார்கள்.

போன மாதம் ஓடிட்டுக்கு வந்தவர்கள் சேர்வரின் லைசென்ஸ் பத்திரத்தைக் கேட்டார்கள். வாங்கும்போது "லைசென்ஸோடதான் தாறம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அலுமாரி முழுக்கத் தேடினேன். பில் இருக்கிறது, லைசென்ஸ் இல்லை. அன்றைக்கு எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

இப்போது புது விண்டோஸுக்கு ஒரு விலைக்குறிப்பு வந்திருக்கிறது. சேர்வரைப் பாவிப்பவர்களுக்கான கிளையன்ட் லைசென்ஸும் ஆட்கணக்கில் 31 சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "லினக்ஸ் சும்மா கிடைக்குது எண்டு மருமகன் சொல்றான், பிறகேன் தம்பி டொலர் கணக்கில காசு?" என்று கேட்கிறார். 2022 இல் டொலர் இரண்டு மாதத்தில் 200 சொச்சத்திலிருந்து 350ஐத் தாண்டியபோது கடை பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை.

உண்மையில் எது செலவு குறைவு? எது பாதுகாப்பு? எனக்கு லினக்ஸ் தெரியாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பென்குயின்_மொரட்டுவ | ஞாயிறு, இரவு 10.15

அண்ணா, டெபியன் போடுங்க, அது லினக்ஸில ஒரு வகை. லைசென்ஸுக்கு ஒரு சதமும் இல்லை, ஆட்கணக்கும் இல்லை, மெஷின் கணக்கும் இல்லை. வைரஸ் தொல்லையும் வராது. எங்கட லாபில இருக்கிற சேர்வர் ஒரு வருஷமா ரீபூட் பண்ணாமலே ஓடுது. ஆண்டிறுதிப் பரீட்சை முடிஞ்சு வீட்டிலதான் நிக்கிறன், உதவி வேணுமெண்டா கேளுங்க.

பம்பலப்பிட்டி_ரெக் | திங்கள், காலை 8.05

அண்ணா, பதினாலு வருசமா யுனிட்டி பிளாசா பக்கம் விண்டோஸ் சேர்வர் வேலை செய்கிறேன். அதைத் தெரிந்துகொண்டே இதை வாசியுங்கள்.

விலைக்குறிப்பை முதலில் திருத்தச் சொல்லுங்கள். கிளையன்ட் லைசென்ஸ் ஆட்கணக்கிலும் வாங்கலாம், மெஷின் கணக்கிலும் வாங்கலாம். 31 பேர் 22 மெஷினில் மாறி மாறி இருக்கும் இடத்துக்கு மெஷின் கணக்குத்தான் சரி. அதிலேயே ஒன்பது குறைகிறது. சேர்வர் லைசென்ஸ் கோர் கணக்கில், அதாவது புரொசஸருக்குள் இருக்கும் கணிப்புப் பகுதிகளின் எண்ணிக்கையில் வரும். உங்கள் பெட்டியில் எட்டுக் கோர்தான் இருந்தாலும் ஆகக் குறைந்தது 16 கோருக்குக் கட்டவேண்டும். அதில் மாற்றம் இல்லை.

2012 ஆர்2க்கு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஒக்டோபர் 10 உடன் நின்றுவிட்டன. ஆகவே இருப்பதை அப்படியே விட முடியாது. யாராவது 2016 மலிவாக இருக்கிறது என்று நீட்டினால் வாங்க வேண்டாம், அது 2027 ஜனவரியோடு முடிகிறது. 2022 என்றால் 2031 ஒக்டோபர் வரை போகும்.

லினக்ஸைக் குறை சொல்லவில்லை. நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். லொறி வந்து நிற்கும் நேரம், காலை ஆறரைக்கு, சேர்வர் எழும்பவில்லை என்று வையுங்கள். விண்டோஸ் என்றால் வந்து பார்க்க இந்தப் பக்கத்திலேயே பத்துப் பேர் இருக்கிறோம். லினக்ஸுக்கு உங்களிடம் யார் இருக்கிறார்கள்? அந்த ஆளின் பெயர் இல்லாமல் மாற வேண்டாம்.

சேர்வர்க்காரி | திங்கள், இரவு 8.50

தம்பி, உங்கட கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிடக்கு. கணக்கு மென்பொருள் வேற, பொது ஃபோல்டர் வேற. ரெண்டையும் ஒரே பெட்டியில வச்சிருந்ததாலதான் ஒரே முடிவு எடுக்கவேணும் எண்டு நினைக்கிறியள்.

முதல்ல மென்பொருள் எழுதினவருக்குக் கோல் எடுத்து ஒண்டு மட்டும் கேளுங்கோ: லினக்ஸில ஓடினா நீங்க பொறுப்பெடுப்பீங்களா? எஸ்க்யூஎல் சேர்வர் 2017 இல இருந்து லினக்ஸிலயும் ஓடுது, எக்ஸ்பிரஸும் ஓடுது. ஆனா அவர் சேர்வர் பக்கத்துக்கு எழுதின துண்டு விண்டோஸுக்கெண்டே எழுதினதா இருந்தா அதுக்கு மேல கதைக்க ஒண்டுமில்லை. கணக்கு விண்டோஸில இருக்கட்டும், காசு குடுத்து, பத்திரத்தோட. அந்தப் பெட்டியைத் தொடுறது ஏழு மெஷின் மட்டுமெண்டா ஏழு கிளையன்ட் லைசென்ஸ் போதும். மற்ற 15 மெஷினும் அதில லொகின் பண்ணவோ அதில இருந்து ஒரு ஃபைல் எடுக்கவோ கூடாது. அதில கவனம். எக்ஸ்பிரஸ் டேட்டாபேஸ் எவ்வளவு பெருத்திருக்கு எண்டும் பாருங்கோ. இப்ப ஓடுற மாதிரிப் பழைய பதிப்புகளில 10 ஜிபி வந்தா நிண்டுபோகும், புதுப் பில் ஏறாது.

பொது ஃபோல்டரை டெபியனில சாம்பா போட்டு வையுங்கோ. லினக்ஸில இருக்கிற ஃபோல்டரை விண்டோஸ் மெஷினுக்குக் காட்டுற மென்பொருள் அது. 22 மெஷினுக்கும் முந்தி மாதிரியேதான் தெரியும். அதுக்கு ஆளுக்கும் காசில்லை, மெஷினுக்கும் காசில்லை. பழைய பெட்டியிலயே புது டிஸ்க் ரெண்டு போட்டுச் செய்யலாம். அதை மட்டும் சாக்கு அறைக்குப் பக்கத்தில இருந்து எடுத்துவிடுங்கோ.

மொரட்டுவத் தம்பிக்கும் ஒண்டு சொல்லவேணும், கோவிக்காதேங்கோ. ஒரு வருஷம் ரீபூட் பண்ணேல்லை எண்டா லினக்ஸின்ட கருவான கேர்னலுக்கு வந்த திருத்தங்கள் ஒண்டும் பெரும்பாலும் ஏறேல்லை எண்டுதான் அர்த்தம். அது பெருமையில்லை. லினக்ஸ் எண்டா வைரஸ் வராது எண்டதும் இந்தக் கடைக்குப் பொருந்தாது. கப்பம் கேக்கிற வைரஸ் ஏறுறது கவுண்டரில இருக்கிற விண்டோஸ் மெஷினில. அங்க இருந்து பொது ஃபோல்டரைப் பூட்டும். ஃபோல்டர் டெபியனில இருந்தா என்ன, விண்டோஸில இருந்தா என்ன, எழுத அனுமதி இருக்கிற மெஷின் எல்லாத்தையும் பூட்டும். மணிக்கொருக்கா ஸ்னாப்ஷொட், அதாவது ஃபோல்டர் அந்த நேரம் இருந்த நிலையின்ட பதிவு, எடுக்க வச்சா பூட்டுறதுக்கு முந்தின நிலையை எடுக்கலாம். அதோட, கேபிளைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோற ஒரு டிஸ்க்கும் வேணும்.

2023 ஓகஸ்டில அரச மின்னஞ்சல் அடிபட்டது ஞாபகம் இருக்கும். ஏறக்குறைய 5,000 முகவரி. மே 17 இல இருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான மெயில் போச்சுது. ஓடினது எக்ஸ்சேஞ்ச் 2013 எண்ட மைக்ரோசொஃப்ட் மெயில் மென்பொருள், அதுக்கான திருத்தங்கள் அந்த ஏப்ரலிலயே முடிஞ்சிட்டுது. உள்ள வந்ததுக்குப் பழைய மென்பொருள் வழிவிட்டிருக்கலாம். ஆனா அந்த மெயில் திரும்பி வராமல் போனது, அந்த மாதங்களுக்கு வெளியில கழட்டி வச்ச பக்கப் இல்லாததால. இதை நான் ஒவ்வொரு இடத்திலயும் சொல்லிக்கொண்டே இருக்கிறன்.

இனி, ஆள் யார் எண்ட கேள்வி. பம்பலப்பிட்டித் தம்பி கேட்டது சரியான கேள்வி. அதுக்கு நான் கண்டதைச் சொல்லுறன்.

2022 இல மருதானைப் பக்கம் ஒரு அச்சகம் என்னைக் கூப்பிட்டது. சேர்வர் பார்த்த பெடியன் ரெண்டு கிழமை நோட்டீஸில மெல்பேர்ண் போயிட்டான். அந்த வருஷம் எத்தினை பேர் அப்பிடிப் போனவை, அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ரெண்டு சேர்வர் விட்டிட்டுப் போயிருந்தான், ஒண்டு விண்டோஸ், ஒண்டு டெபியன். ரெண்டுக்கும் ஒரு வரி குறிப்பும் எழுதி வைக்கேல்லை.

விண்டோஸ் பெட்டியில எந்த ஃபோல்டருக்கு யாருக்கு அனுமதி, இரவு 11 மணிக்கு ஓடுறது என்ன, எந்தப் பிரிண்டர் எங்க போகுது எண்டு ஒவ்வொரு ஜன்னலாத் திறந்து பார்த்து எழுத எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. அதையும் ஸ்கிரிப்டா, கட்டளை வரிகளா எழுதி வச்சிருக்கலாம், அதுக்கு விண்டோஸில பவர்ஷெல் இருக்கு. அவன் எழுதேல்லை. எல்லாம் மவுஸால செய்தது, செய்த கை போனதோட போச்சுது.

டெபியன் பெட்டியில அமைப்பு முழுக்க ஈடிசி எண்ட ஒரு ஃபோல்டருக்குள்ள, சாதாரண எழுத்து ஃபைலா இருந்தது. வேண்டியதை மட்டும் நாப்பது பக்கத்துக்குப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தன். அண்டைக்குக் கரண்ட் இல்லை, ரோர்ச் வெளிச்சத்தில இருந்து வாசிச்சன். சாம்பா ஃபைலில ஒரு ஃபோல்டருக்கு மேல அவன் தனக்கெண்டு ஒரு வரி எழுதியிருந்தான்: "கட்டுறவைக்கு மட்டும், கவுண்டர் பாக்கக்கூடாது." புத்தகம் கட்டுற பகுதிக்கு வாற விலைப்பட்டியல் அது. குறிப்பு எழுதாத பெடியன் எழுதின ஒரே குறிப்பு. ஒரு இரவில அந்தப் பெட்டி எனக்கு விளங்கிட்டுது.

திறந்த மூலம், நிரலை ஆரும் வாசிக்கலாம் எண்டு எல்லாரும் சொல்லுறதில எனக்குக் கிடைச்ச பிரயோசனம் இதுதான். கேர்னலின்ட மூலத்தை நான் ஒருநாளும் வாசிச்சதில்லை, வாசிக்கவும் போறதில்லை. ஆனா ஒருத்தன் போன பிறகு இன்னொருத்தி வந்து அவன் செய்ததை வாசிக்க ஏலுமா இருந்தது.

ஒரு இடத்தில மட்டும் மாட்டினன். அந்தப் பெட்டியின்ட ரூட் கடவுச்சொல், எல்லா அனுமதியும் உள்ள கணக்கின்ட கடவுச்சொல், ஒருத்தருக்கும் தெரியாது. மெஷின் கண் முன்னால இருந்தபடியா மீட்பு முறையில ஏத்தி மாத்தினன். டிஸ்க்கை அவன் குறியாக்கம் செய்து வச்சிருந்தா அதோட சரி. ஆகவே கடவுச்சொல்லை எழுதி, உறையில ஒட்டி, முதலாளியின்ட இரும்புப் பெட்டியில வையுங்கோ. லைசென்ஸில மிஞ்சுற காசில ரெண்டாவது ஆள் ஒருத்தரைப் பிடியுங்கோ, மாதம் ஒருக்கா வந்து பார்த்தாலும் போதும். விண்டோஸுக்குப் பத்துப் பேர் இருக்கினம் எண்டது உண்மை, ஆனா உங்கட பெட்டி எப்பிடிக் கட்டியிருக்கு எண்டு அந்தப் பத்துப் பேருக்கும் தெரியாது.

டெபியன் ஏன் எண்டா, சென்ட்ஓஎஸ் எண்டு இன்னொரு லினக்ஸ் இருந்தது. அதை வச்சிருந்த கம்பனி 8 ஆம் பதிப்புக்கு 2029 வரை எண்டு சொல்லியிருந்து, 2020 டிசம்பரில அறிவிச்சு, 2021 டிசம்பர் 31 ஓட நிப்பாட்டினவை. மூலம் வெளியில இருந்தபடியா அதுக்குப் பதிலா ரொக்கி, அல்மா எண்டு ரெண்டு லினக்ஸ் உடனேயே முளைச்சது, அதுவும் உண்மை. டெபியனை ஒரு கம்பனி நினைச்சு நிப்பாட்ட ஏலாது.

கணக்குப்பிள்ளை_11 | வெள்ளி, இரவு 9.10

அக்கா, கோடி நன்றி. மென்பொருள் எழுதியவரிடம் கேட்டேன், விண்டோஸ் மட்டும்தான் என்றார். டேட்டாபேஸ் 6.8 ஜிபி. ஏழு மெஷின் கணக்கில் புது விலைக்குறிப்பு எடுத்தேன். முதலாளி பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார்.

மொரட்டுவத் தம்பி நேற்று வந்து ஒரு பழைய மெஷினில் டெபியன் போட்டுத் தந்தார். பொது ஃபோல்டரைப் பரீட்சைக்குக் கொப்பி பண்ணினோம். இங்கிலீஷ் பெயர் எல்லாம் போனது. தமிழில் பெயர் வைத்த சில ஃபைல்கள் மட்டும் பெயர் நீளம் என்று நின்றுவிட்டன. இது ஒன்று:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செத்தல் மிளகாய்க்குக் கொடுத்த முற்பணம் மற்றும் லொறிக்கூலி விவரம் 2024 மார்ச் திருத்தியது

விண்டோஸில் இத்தனை வருசமாக இருந்த பெயர்தான். ஏன் அக்கா?

சேர்வர்க்காரி | வெள்ளி, இரவு 10.30

இதை நான் முதலே சொல்லியிருக்கவேணும் தம்பி.

ரெண்டும் 255 எண்டுதான் சொல்லும், எண்ணுறது வேற வேற. விண்டோஸ் குறியீட்டை எண்ணுது. லினக்ஸில டிஸ்க்கில ஃபைலை அடுக்குற முறைகளான எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ரெண்டும் பைட்டை எண்ணுது. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொண்டுக்கும் மூண்டு பைட். "கு" எண்டு நாங்கள் ஒரு எழுத்தாக் காணுறது உள்ளுக்க "க"வும் உகரக் குறியுமா ரெண்டு குறியீடு, ஆறு பைட். புள்ளி வச்ச எழுத்தும் அப்பிடித்தான். ஆகக்கூடினது 85 குறியீடு. ஐம்பது எழுத்துக்குக் கிட்டப் போனாலே முட்டும். உங்கட மிளகாய்ப் பெயர் 300 பைட்டைத் தாண்டுது.

இந்த விஷயத்தில விண்டோஸ் எங்கட மொழிக்குக் கூட இடம் குடுக்குது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். சாம்பாவில ஒரு அமைப்பை மாத்தி இதைத் தீர்க்க ஏலாது. பெயரைத்தான் குறுக்கவேணும். தமிழை விட்டிட்டு இங்கிலீஷில வைக்கச் சொல்லாதேங்கோ, ஆக்களுக்குத் தேட ஏலாமப் போகும். வருஷத்தையும் ஊரையும் ஃபோல்டராக்குங்கோ: 2024, அதுக்குள்ள யாழ்ப்பாணம், அதுக்குள்ள "மிளகாய் முற்பணம் லொறிக்கூலி". விண்டோஸில இருக்கும்போதே மாத்தி முடிச்சிட்டுக் கொப்பி பண்ணுங்கோ.

பென்குயின்_மொரட்டுவ | வெள்ளி, இரவு 10.52

அக்கா, ரீபூட் விஷயம் லாபில சொல்லிட்டன், இனி மாதம் ஒருக்கா செய்வம். நீளமான பெயர் எல்லாத்தையும் பட்டியல் எடுத்தன், 63 இருக்கு. வாற போயாவுக்குக் கடை பூட்டுதானே அண்ணா, நான் வாறன், ரெண்டு பேருமா இருந்து மாத்துவம்.

கணக்குப்பிள்ளை_11 | வெள்ளி, இரவு 11.05

வாருங்கள் தம்பி, சாப்பாடு கடையில்தான். முதலாளியிடம் கேட்டு மாதம் ஒருமுறை வருவதற்கும் ஒரு தொகை பேசிவைக்கிறேன். உறை ஒட்டியாகிவிட்டது, இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அக்கா, பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

சேர்வர்க்காரி | வெள்ளி, இரவு 11.12

மூண்டு மாதத்துக்கு அழிக்காதேங்கோ. திகதி எழுதி ஒட்டி, கடையில வைக்காமல் வீட்டில வையுங்கோ.