சாலைப் பாதுகாப்பு நிதிக்கு விண்ணப்பித்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

வணக்கம். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். இங்கே தொடக்கப் பள்ளிக்குப் போகும் சாலையில் நடைபாதையே கிடையாது, பிள்ளைகள் பனிக்காலத்திலும் சாலையோரமாகத்தான் நடக்கிறார்கள். நகராட்சியில் கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள், அது உண்மையும்கூட.

ஆனால் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ரோட்ஸ் ஃபார் ஆல்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2022 முதல் 2026 வரை 500 கோடி டாலர், மாநில அரசு வழியாக வராமல் உள்ளூர் நிர்வாகங்களுக்கே நேரடியாகத் தருகிறார்கள். செலவில் 80 சதவீதம் வரை மத்திய அரசு, மீதி ஊர் போட வேண்டும். கட்டுமானத்துக்குக் கேட்க முதலில் பாதுகாப்புச் செயல்திட்டம் வேண்டும், அது இல்லாத ஊர் அதைத் தயாரிக்கவே நிதி கேட்கலாம். எங்களுக்குப் பொருந்துவது இதுதான். பெரிய நகரங்களில் விண்ணப்பம் எழுதவே ஆட்கள் உண்டு, எங்களைப் போன்ற ஊர்கள் படிவத்தைப் பார்த்தே பின்வாங்கிவிடுகின்றன, அதுதான் மனதை அறுக்கிறது.

இங்கே போக்குவரத்துப் பொறியாளர்கள், கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் இருப்பீர்கள். ஊர் போட வேண்டிய அந்த 20 சதவீதத்தில் பணத்துக்குப் பதிலாக ஊழியர்களின் உழைப்பு நேரத்தைக் காட்டியவர்கள் கணக்கை எப்படி எழுதினீர்கள்? தனியாக விண்ணப்பிப்பதா, கவுண்டியோடு சேர்ந்தா? அப்புறம், மத்திய அரசின் ஃபார்ஸ் (FARS) என்ற சாலை விபத்துத் தரவுத்தளத்தில் உயிரிழப்பு விபத்துகள் மட்டும்தான் இருக்கின்றன, காயம்பட்டவர்களின் விவரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? வரைவை ஒருமுறை படித்துப் பார்க்க யாராவது முன்வந்தால் பெரிய உதவி, நகராட்சிக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பி வைக்கிறேன்.