பெட்ரோலியப் பொறியாளரின் சம்பளத்தில் கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: ஒரு தாய், மெர்பேங்க், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். மேட்ரிக் (பள்ளி இறுதியாண்டு) படிக்கும் என் மகள் கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். பெட்ரோலியப் பொறியியல் படித்தால் மற்ற பொறியாளர்களைவிட அதிகம் சம்பாதிக்கலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2023ஆம் ஆண்டில் இத்தொழிலின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 135,690 டாலர். டாலருக்கு 18 ராண்ட் என்று வைத்தால் 2.4 மில்லியன் ராண்டைத் தாண்டுகிறது. இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே பிள்ளைகளை வளர்த்தவள் நான். ஆலையில் வேலை பார்த்த எவர் வீட்டிலும் இவ்வளவு பணத்தைக் கண்டதில்லை. இந்தத் தொகை உண்மைதானா, உண்மையானால் அதில் குடும்பத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி: கடல் ரிக்கில் (எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில்) பணிபுரியும் பொறியாளர்

அக்கா, ஆலையில் எண்ணெயைக் காய்ச்சிப் பிரிப்பது வேதிப் பொறியாளரின் வேலை. பூமிக்கடியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, எந்த அழுத்தத்தில் இருக்கிறது, எங்கே கிணறு தோண்டினால் எவ்வளவு மேலே வரும் என்று கணக்கிடுவது எங்கள் வேலை. அதனால் கிணறு இருக்கும் இடத்துக்குத்தான் நாங்கள் போயாக வேண்டும், நம் நாட்டிலோ கிணறுகள் மிகக் குறைவு. தென்கரைக்கு அப்பால் 2019இல் புருல்படாவிலும் 2020இல் லுய்பர்டிலும் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டபோது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று என்னைப் போன்ற பலர் நம்பினோம். 2024இல் டோட்டல்எனர்ஜீஸ் நிறுவனம் அந்த எரிவாயு கிடைத்த கடற்பகுதியை விட்டு விலகுவதாக அறிவித்தது.

நீங்கள் பார்த்த தொகை உண்மைதான். ஆனால் அது இடைநிலை என்பதால் பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள்; புதிதாகச் சேருபவர் அந்தப் பாதியில்தான் இருப்பார். மேலும் இது எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும் பிழைப்பு. 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. இடைப்பட்ட காலத்தில் நான் இருந்த நிறுவனம் ஒரே மாதத்தில் என் குழுவில் பாதிப் பேரை அனுப்பியது. எட்டு மாதம் சேமிப்பைக் கரைத்துத்தான் வீட்டுக் கடனைக் கட்டினேன். ஒரு நல்ல ஆண்டின் சம்பளத்தைப் பார்க்காமல், பத்தாண்டு வருமானத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்துப் பாருங்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மறுமொழி: வரிக் கணக்காளர், சாட்ஸ்வொர்த்

தம்பி சொன்னதோடு வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் அதுதான். வெளிநாட்டில் உழைத்தாலும் வரி விஷயத்தில் இந்நாட்டுவாசியாகவே இருப்பவருக்கு, 2020 மார்ச் 1 முதல் அந்தச் சம்பளத்தில் முதல் 1.25 மில்லியன் ராண்டுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அதைப் பெற, பன்னிரண்டு மாதத்துக்குள் 183 முழு நாட்களுக்கு மேல் வெளியே இருந்திருக்க வேண்டும். அதில் 60 நாட்களுக்கு மேல் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் ரிக், இருபத்தெட்டு நாள் வீடு என்று தவறாமல் வந்து போகிறவருக்கு அந்த அறுபது நாள் ஒருபோதும் சேராது. ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராக நாள் கணக்கில் பணம் வாங்குகிறவருக்கோ இந்த விலக்கே கிடையாது.

அம்மா குறிப்பிட்ட தொகையையே, வருமான வரி இல்லாத ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒருவர் சம்பாதிப்பதாக வைத்துக்கொள்வோம். 2024–25 வரி விகிதத்தில், விலக்குப் பெற்றால் இங்கே ஏறத்தாழ 370,000 ராண்ட் கட்டுவார். பெறாவிட்டால் ஏறத்தாழ 910,000. நாட்காட்டியைச் சரியாகப் பார்க்காததால் ஒரே ஆண்டில் 540,000 ராண்ட் போய்விடுகிறது. கடவுச்சீட்டில் விழும் ஒவ்வொரு முத்திரையையும் படமெடுத்து வைக்கும்படி என்னிடம் வருகிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்ட தாய்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் விலக்குக்காக ஆண்டில் ஒரு முறையாவது இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டுக்கு வராமல் இருக்க வேண்டும். தைப்பூசக் காவடிக்கு இல்லாமல் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கிணறு மூடினால் அவள் படிப்பு கையில் நிற்குமா என்பதுதான் இப்போது என் கவலை.

மறுமொழி: ரிக் பொறியாளர்

அதனால்தான் இளநிலையில் வேதிப் பொறியியல் படிக்கச் சொல்கிறேன். டர்பனிலேயே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 1999 முதல் நம் நாடு உறுப்பினர் என்பதால் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம் அங்கீகரித்த பட்டத்தைப் பல நாடுகள் ஏற்கின்றன. பெட்ரோலியத்தை முதுநிலையில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வேதிப் பொறியாளர்களுக்கும் உள்ளூர் ஆலை இனி நிச்சயமில்லை: உங்கள் வீட்டருகே இருந்த இரண்டில் ஒன்று 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பின் சுத்திகரிப்பைத் தொடங்கவில்லை, மற்றொன்று 2022இல் நின்றுவிட்டது. ஆனாலும் காகிதம், சர்க்கரை, குடிநீர் என்று அந்தப் பட்டத்துக்கு டர்பனிலேயே வேறு வாசல்கள் இருக்கின்றன. என்னோடு வேலையிழந்த வேதிப் பொறியாளர் ஒருவர் மூன்றே மாதத்தில் சர்க்கரை ஆலையில் சேர்ந்தார். எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.