நான்கே நிறங்களில் எண்ணெய் உருவச்சித்திரம்: நிழல் ஏன் சேறாகிறது?

கேள்வி:
ஆறு மாதங்களாக எண்ணெய் வண்ணத்தில் உருவச்சித்திரம் பழகி வருகிறேன். அடங்கிய நிறங்களே பிடிக்கும் என்பதால் மஞ்சள் காவி, காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு, டைட்டானியம் வெள்ளை ஆகிய நான்கை மட்டுமே தட்டில் வைத்துக்கொள்கிறேன். நெற்றியும் கன்னமும் ஓரளவு அமைந்துவிடுகின்றன; தாடைக்குக் கீழும் கண்குழியிலும் எத்தனை முறை கலந்தாலும் சேற்று நிறமே வருகிறது. அப்பாவை உட்காரவைத்து வரைந்த படத்தைப் பார்த்த அம்மா, "கழுத்தில் ஏன் கரி பூசியிருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டார். நீலம் ஒன்று வாங்க வேண்டுமா?

பதில் 1:
உங்கள் அம்மா சொன்னதில் பிழையில்லை, ஐவரி கறுப்பு எலும்புக்கரிதான். நீலம் வேண்டாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரால் வழங்கும் நான்கு நிறத் தட்டு இதுவே. காட்மியத்தின் இடத்தில் வெர்மில்லியன் என்ற சிவப்பையும் டைட்டானியத்தின் இடத்தில் ஈய வெள்ளையையும் அவர் வைத்திருந்தார். 1896-இல் தம்மையே வரைந்த படத்தில் அந்தத் தட்டைக் கையில் ஏந்தியிருக்கிறார். நீங்கள் நிழலிலும் வெள்ளையைக் கலக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளை சேர்ந்ததும் கறுப்பு குளிர்ந்த சாம்பலாகிவிடும். சிவப்பின் சூடும் தணிந்துவிடும். சிவப்பும் கறுப்பும் கொஞ்சம் காவியும் மட்டும் சேர்த்து, துணியின் இழை தெரியும் அளவுக்கு மெல்லியதாக நிழலைத் தீட்டுங்கள். தடிமனை வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
முந்தைய பதிலை ஏற்கிறேன், ஆனால் வெள்ளை மட்டுமே குற்றவாளி அன்று. ஈரமாக இருக்கும் வெளிச்சப் பகுதிக்குள் அழுக்குத் தூரிகையோடு போய்வந்தாலும் சேறுதான். வரையத் தொடங்குமுன் பேலட் கத்தியால் வெளிச்சம் முதல் நிழல் வரை ஐந்து படிநிலைகளைக் கலந்து வரிசையாக வைத்துவிட்டால், பாதி வழியில் தடுமாற வேண்டியதில்லை. உங்கள் அப்பா மாநிறம் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: சன்னல் வெளிச்சத்தில் நெற்றிமேட்டின் பளபளப்பு சற்றே நீலம் பாரித்திருக்கும், அங்கே காவியைக் குறைக்க வேண்டும்.

பதில் 3:
ஐவரி கறுப்பு மெதுவாகக் காயும். முதல் அடுக்கை விரைவில் காயும் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் இட்டு, மேலே போகப்போக ஆளி விதை எண்ணெயைக் கூட்டுங்கள். எண்ணெய் மிகுந்த அடுக்கின் மேல் எண்ணெய் குறைந்ததை ஏற்றினால் பின்னாளில் விரிசல் விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஞாயிறன்று கழுத்தைச் சுரண்டிவிட்டு வெள்ளையின்றித் தீட்டினேன். தாடை முன்னே வந்து நிற்கிறது. கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்து அப்பாவின் நரைமுடியை வைத்தேன். பழுப்பு நெற்றிக்குப் பக்கத்தில் அது நீலமாகவே தெரிகிறது. அம்மா, "இந்த நீலம் எப்போது வாங்கினாய்?" என்கிறார்.