எங்கள் கேற் சத்தமும் எதிர்வீட்டு உலையும்

வத்தளைக்காரன்:

கொரோனா ஊரடங்கு நேரத்தில் நடந்த ஒன்றை எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். கொழும்புக்கு வெளியே வீடு, கொழும்புக்குள் வேலை என்று ஓடுகிற மற்றவர்களும் தங்கள் கதையைச் சொல்லுங்கள்.

நாங்கள் 2013 இல் கொட்டாஞ்சேனையை விட்டு வத்தளைப் பக்கம் வந்தோம். அங்கே இரண்டு அறை மேல்மாடிக்குக் கொடுத்த வாடகைக்கு இங்கே முற்றமும் ஒரு மாமரமும் உள்ள வீடு கிடைத்தது. அட்வான்ஸ் கட்ட மனைவியின் காப்பு இரண்டும் அடகுக்குப் போனது, அது வேறு கதை. விலாசம் வத்தளை என்றாலும் சந்தியில் ரயில் இல்லை, ஹுணுப்பிட்டிய ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். விடிய ஐந்து ஐம்பதுக்குக் கேற்றை இழுத்துப் பூட்டினால், கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து திரும்ப இரவு ஏழரை. மருதானைக்கு வெளியே சிக்னலில் கோச்சி (ரயில்) படுத்துவிட்டால் எட்டு.

ஹுணுப்பிட்டியவில் ஏறுகிறவனுக்கு இடம் கிடையாது. ஜா-எல, கந்தானைப் பக்கம் ஏறியவர்கள் ஏற்கெனவே சீட்டுக்கட்டைப் பிரித்து, நாலு மடிக்கு நடுவே ஒரு பையை மேசையாக வைத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒரு வழக்கம் உண்டு, இருக்கிறவர் நிற்கிறவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்கவே தேவையில்லை, கை நீளும். மூன்றாவது பெட்டியில் யன்னலோரத்தில் வருகிற ஒருவர் ஏழு வருடம் என் சாப்பாட்டுப் பையைச் சுமந்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் என்றைக்கு நெத்தலிக் குழம்பு என்று அவருக்குத் தெரியும். மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவார், சிங்களத்தில், பெட்டிக்கே கேட்கிற மாதிரி.

எங்கள் ஒழுங்கையை நான் பகலில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அதுவும் பூசைக்குப் போகிறவர்களின் முதுகு.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை ஊரடங்கு போட்டார்கள். முதல் வாரம் தூங்கியே தீர்த்தேன். பிறகு ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிக்குக் குசினிக்குள் போனால், பின்யன்னலால் வெயில் விழுந்து அம்மிக்கல் வரைக்கும் வந்து கிடக்கிறது. ஏழு வருடம் வாடகை கட்டிய வீட்டில் அந்த வெயிலை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்கு ஒரு நாளில் இரண்டு தடவை வருகிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

மரக்கறி லொறி வந்த அன்று எல்லாரும் அவரவர் கேற்றடியில் நின்றோம். எதிர்வீட்டில் ஒரு சிங்களக் கத்தோலிக்க அம்மா, எழுபது வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நல்ல தமிழில் கேட்டார்:

“நீங்கள்தானே அந்தக் கேற்?”

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். எங்கள் கேற்றின் அடித்தாழ்ப்பாள் சீமெந்தில் உரசிக் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து சோற்றுக்கு உலை வைப்பாராம். மகன் ஆறரைக்குக் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குப் போகிற ஸ்டாஃப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்குள் பார்சல் கட்ட வேண்டும். “நீங்கள் லீவு எடுத்த ரெண்டு தரமும் மகனுக்கு பஸ் போயிட்டுது தம்பி.”

அவர் கொச்சிக்கடையில் வளர்ந்தவர், அதனால்தான் அந்தத் தமிழ். எனக்கோ அவர் முகம்கூடத் தெரியாது.

இரத்மலானை அக்கா:

நான் மட்டக்களப்பு. 2009 இல் வேலைக்கு வந்தபோது என் சிங்களம் பத்துச் சொல்தான். 101 பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு. முதல் வாரம் இறங்குமிடம் வந்துவிட்டது, பஸ் நிற்கிற மாதிரி இல்லை. பதற்றத்தில் கொண்டக்டரைப் பார்த்து “பஹின்ன!” என்று கத்தினேன். இறங்குகிறேன் என்பதற்கு “பஹினவா” என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது “இறங்கு!”. அந்த மனுசன் மிதிபலகையில் நின்றபடி, மிகப் பணிவாக, “மம பஹின்னத?” என்றார். நானா இறங்க வேண்டும் என்று. பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போய்த்தான் சிரித்தேன். அதற்குப் பிறகு எப்போது அந்த பஸ்ஸில் ஏறினாலும் என் ஹோல்ட் வரும்போது அதே கேள்வியைக் கேட்பார். நானும் “ஓவ், பஹின்ன” என்று விட்டுவிடுவேன்.

இன்னொன்று. கடலோர ரயில் என்று படம் போடுகிறவர்கள் காலை ஏழரைக்கு எங்கள் பக்கம் ஏறிப் பார்க்கட்டும். கடல் இருக்கிற பக்கத்தில் எனக்குத் தெரிவது யாரோ ஒருவருடைய கக்கம்.

கந்தானை:

நான் காரில் போகிறவன், திட்டாதீர்கள். 2013 இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்தபோது வாழ்க்கை மாறிவிட்டது என்று நினைத்தேன். ஜா-எலவில் ஏறிக் காசைக் கட்டிப் பறந்து வந்து பேலியகொடையில் நெரிசலில் நிற்போம். 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்தார்கள். இப்போது ஆற்றைத் தாண்டி நிற்கிறோம். 2022 இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் கோச்சிக்கு வந்தேன். இரண்டு மாதம் தாங்கவில்லை.

ஹெந்தளை அம்மா:

கந்தோருக்குப் போகிறவர்கள் மட்டும்தான் களைத்துப்போகிறார்களா? இந்தப் பக்கம் இவ்வளவு தமிழ்க் குடும்பங்கள் இருந்தும், தமிழில் படிக்கிற பிள்ளைகளில் கனபேர் ஆற்றைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்கும் பம்பலப்பிட்டிக்கும்தான் போகிறார்கள். மணி அடிப்பது ஏழரைக்கு. வான் எங்கள் வாசலுக்கு வருவது ஐந்தே முக்காலுக்கு, ஏனென்றால் நாங்கள்தான் முதல் வீடு. சின்னவனுக்கு நித்திரையிலேயே சப்பாத்தைப் போட்டுவிடுவேன். கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், குதிக்கால் உள்ளே போகாது, கரண்டிக் காம்பை விட்டு நெம்ப வேண்டும். அப்படியே தூக்கிக்கொண்டு போய் வானில் வைத்தால், பேலியகொடையில் மீன் சந்தை மணம் வரும்போதுதான் கண் திறப்பானாம். வான்காரர் சொன்னது. அவனுக்கு அதுதான் அலாரம்.

இடியப்பத்தைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுருட்டிக் கொடுத்துவிடுவேன், குழம்பு ஊற்றினால் வெள்ளைச் சட்டை போச்சு. ஒன்றரைக்குப் பள்ளி விட்டாலும் வீட்டுக்கு வர மூன்று தாண்டிவிடும், பிறகு டியூஷன். பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்று தாருங்கள் என்று எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்போம். வாடகை குறைவு என்று இங்கே வருகிறவர்கள் வான் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இரத்மலானை அக்கா:

வத்தளைத் தம்பி, அந்தக் கேற்றுக்கு எண்ணெய் விட்டீர்களா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

வத்தளைக்காரன்:

வேலை திரும்பத் தொடங்கியபோது மனைவி தேங்காய் எண்ணெயோடு வந்தார், பிள்ளை எழும்புகிறது என்று. நான் எதிர்வீட்டு ஆன்டியின் கதையைச் சொன்னேன். “அவவுக்கு ஒரு அலாரம் வாங்கிக் குடுங்க” என்றார். வாங்கியும் கொடுத்தேன், புறக்கோட்டை நடைபாதையில். ஆன்டி அதை அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், பற்றரி போடவில்லை. எண்ணெயும் விடவில்லை.

புதியவன்:

அட்டனிலிருந்து கோட்டையில் வேலைக்கு வருகிறேன், மனைவியும் கைக்குழந்தையும். ஹுணுப்பிட்டிய, என்டெரமுல்ல, ராகமை, எது நல்லது? போர்டிங் வேண்டாம், தனி வீடு அல்லது அனெக்ஸ்.

ராகமைக்காரன்:

ராகமை. புத்தளம் பாதையும் பிரதான பாதையும் சேருகிற இடம், ஒரு கோச்சி தவறினால் இன்னொன்று. சில கந்தோர்க் கோச்சிகள் ராகமையை விட்டால் மருதானையில்தான் நிற்கும், நடுவில் இருக்கிறவர்கள் கொடியசைத்து அனுப்ப வேண்டியதுதான். வாடகை கொஞ்சம் கூடத்தான். அதில் மிச்சம் பிடிக்க நினைத்து ஆற்றுப் பக்கம் இறங்காதீர்கள், அல்லது இறங்கினால் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

நான் முதலில் களனி ஆற்றோரம் ஒரு அனெக்ஸில் இருந்தவன். புரோக்கர் நல்ல வெயில் நாளில் காட்டினார். நீங்கள் மழை விட்ட அடுத்த நாள் காலையில் போங்கள், செருப்போடு. ஒழுங்கையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கழிவறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரிட்ஜைச் செங்கல்லுக்கு மேல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் சுவர். கீழே மூன்று அடி ஒரு நிறமும் மேலே வேறு நிறமுமாக இருந்தால், அழகுக்கு அடித்தது என்று புரோக்கர் சொல்வார். கீழ்ப் பாதி ஏன் புதிது என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. 2016 மே மாதம் தண்ணீர் சரியாக அந்தக் கோடு வரைக்கும் வந்தது.