எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் அம்மா

நத்தை:
வீட்டில் காது மந்தமானவர் இருந்தால் அந்தத் தலையாட்டல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போன மாதம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். முழங்கால் வலி, அவ்வளவுதான். டாக்டர் முகக்கவசத்தோடு, கணினியைப் பார்த்தபடியே "அடிக்கடி தலை சுத்துதா?" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "கீழே விழுந்திருக்கீங்களா?" அதற்கும் அதே சிரிப்பு. நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மூளை ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்! "உனக்கு எப்பம்மா தலை சுத்துச்சு?" என்றேன். "எனக்கா? யாரு சொன்னது?"

வெளியே வந்ததும், கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினேன். "ரெண்டு தடவைதான்டா திருப்பிக் கேட்கலாம். மூணாவது தடவை மூஞ்சி மாறிடும்" என்றார். யாருடைய மூஞ்சி என்று நான் கேட்கவில்லை.

கல்தூண்:
என் மாமனாரும் இப்படித்தான். காதருகே போய் உரக்கச் சொல்லுங்கள், தீர்ந்தது. ஒரு தடவை நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார், மாமனாருக்கு மட்டும் விளங்கவில்லை, அது வேறு கதை. முதலில் ஒரு காது கேட்கும் கருவி வாங்கி மாட்டுங்கள். மூக்குக்கண்ணாடி மாதிரிதான், போட்டதும் சரியாகிவிடும். தினமும் பேட்டரியைப் பாருங்கள். குளிக்கும்போது கழற்றச் சொல்லுங்கள். அழுக்கைத் துடைத்து வையுங்கள். அம்மா மறுத்தாலும் விடாதீர்கள், பெரியவர்கள் அப்படித்தான் அடம்பிடிப்பார்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

ஒருகாதன்:
டிவியை அணைப்பதும், பேட்டரி பார்ப்பதும், குளிக்கும்போது கழற்றுவதும், துடைத்து வைப்பதும் சரி. மற்றது தப்பு. 15 வருஷமாகக் கருவி போட்டிருப்பவன் சொல்கிறேன். வயதாலோ இரைச்சலாலோ போகிற காதில் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சொலிகள்தான் முதலில் தேயும். ஆ, ஓ எல்லாம் விழும். ச, த, க மாதிரி மெய்கள் நழுவிவிடும். நீங்கள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறீர்கள் என்பது தெரியாது. கத்தினால் அந்த ஆவும் ஓவும்தான் பெருகும். வாயும் கோணிக்கொள்ளும். காதருகே வந்தால் உதடே தெரியாது. கருவி உங்கள் குரலோடு மின்விசிறியையும் நாற்காலி இழுபடுவதையும் சேர்த்துப் பெருக்கும். எதிரே, ஓரிரு மீட்டருக்குள், முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசினால் போதும்.

நத்தை, உங்கள் அம்மாவை எனக்கு நன்றாகப் புரிகிறது. அலுவலகத்தில் ஒருவர் என்னைக் கடந்து போகும்போது ஏதோ சொன்னார். நான் சிரித்து, "அப்படியா, ரொம்ப நல்லது" என்றேன். அவர் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம்தான் தெரிந்தது, அவருடைய அப்பா இறந்துவிட்டாராம்.

மின்மினி:
உதட்டைப் பார்த்துப் பிடிப்பதிலும் வில்லங்கம் இருக்கிறது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். பாட்டியிடம் "மருந்து எங்கே?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியே வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பருந்தா? காணோமே" என்றார். மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் வானத்தில் தேடினார். "மாத்திரை" என்றதும் டப்பாவை எடுத்து நீட்டினார். அதையே திருப்பித் திருப்பிச் சொல்லாமல் சொல்லை மாற்ற வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

கல்தூண்:
நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. என் மாமனாருக்குக் காதருகே சொன்னால் விளங்குகிறது. எதைச் சொன்னாலும் சரி சரி என்கிறாரே.

ஒருகாதன்:
உங்களுக்கும் தலையாட்டுகிறார் சார்.

நத்தை:
ஒருகாதன் சார், உங்கள் பதிவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்பாவைப் பறிகொடுத்த அந்தத் தம்பிகிட்ட, காதுல விழலைன்னு இவர் அப்புறமாச்சும் சொன்னாராமா?"

ஒருகாதன்:
இல்லைம்மா.